பாட்டி வைத்த புள்ளி

போன மாதம் ஜெஞ்சாரோமில் இருக்கும் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். எஸ்.பி.எம். முடித்த மருமகன், மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தான். கல்லூரி நேர்காணலில் காட்டுவதற்காகச் சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்கிறான். செம்பனைத் தோட்டத்தில் ஒரு சிறுவன் மேட்டுக்கு மேடு தாவி ஓடும் ஆட்டம்.

"பாருங்க மாமா, மேடெல்லாம் படிக்கட்டு மாதிரி இருக்கு. இதைக் கொண்டுபோய்க் காட்டினா சிரிப்பாங்க."

"ராப்பகலா கேம், கேம்னு இருந்தா இப்படித்தான்" என்றார் அக்காள்.

அவன் சொன்னது உண்மைதான். திரை என்பது சின்னஞ்சிறு சதுரங்களின் கூட்டம். அதில் சாய்வாகக் கோடு போட்டால் விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரியும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ வெறும் 40 கிலோபைட்டில் அடங்க வேண்டியிருந்தது. அதனால் ஒரே சதுரத் துண்டைத் திரும்பத் திரும்ப அடுக்கித் தரை அமைத்தார்கள். இன்று அந்த நெருக்கடி இல்லை.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பச்சை மேடும் நீல வானமும் சந்திக்கும் விளிம்பில் இரண்டும் கலந்த நிறத்தைப் பூசுவது. கண் அதை வழவழப்பாக எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, சதுரங்களை அடுக்காமல் சில புள்ளிகளை வைத்து, அவற்றின் இழுப்பில் வளைகோடு வரைந்து, அதன்மேல் புல் படத்தை ஓடவிடுவது. பெசியே வளைவு என்று இதற்குப் பெயர். 1960-களில் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியே கார் உடலை வடிவமைக்கப் பயன்படுத்திய கணக்கு இது.

மருமகன் இரண்டையும் செய்திருந்தான். ஆனாலும் ஒரு வளைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் முனை துருத்திக்கொண்டு நின்றது.

எட்டிப் பார்த்த என் அம்மா, "புள்ளி வச்சு வளைக்கிறதுதானே?" என்று அரிசி மாவோடு வாசலுக்குப் போய்ச் சிக்குக்கோலம் போட்டார். "வளைவு முடியிற இடத்துல கைய நிறுத்தாதே. போற போக்குலயே அடுத்ததைத் தொடங்கு."

மருமகனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. புள்ளியின் இரு பக்கமும் உள்ள இழுப்புப் பிடிகளை ஒரே நேர்க்கோட்டில் வைத்தான். முனை மறைந்தது.

இது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினிக்கான இலக்கணமாக்கி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

நேர்காணல் அடுத்த வாரம். "வளைவு போட எங்கே கத்துக்கிட்டேன்னு கேட்டா என்ன சொல்லுவே?" என்றேன்.

"பாட்டிகிட்டன்னுதான் மாமா."

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. மடிக்கணினிக்குப் பக்கத்தில் தேநீரை வைத்துவிட்டுப் போனார்.