காருக்கு முன்னால் எர்த்

போன சித்திரையில், மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டு வாசலில் புது மின்சாரக் கார் வந்து நின்றது. பச்சை நம்பர் பிளேட்டுக்குச் சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் முடிந்து, ராத்திரி முதல் முறையாகச் சார்ஜ் போட்டோம். கேபிளின் ஒரு முனையைச் சுவரில் 15 ஆம்பியர் பாயின்ட்டில் செருகி மறுமுனையைக் காரில் மாட்டினால், நடுவில் இருக்கும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றி மாட்டினாலும் அதே சிவப்பு. இத்தனைக்கும் அந்தப் பாயின்ட்டில்தான் தினமும் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயின்ட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தவர், நேராகக் கொல்லைக்குப் போய் எர்த் குழியின் மூடியைத் தூக்கினார். “இதுக்குத் தண்ணி ஊத்தி எத்தன வருசமாச்சு சார்?” உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூன்று குடம் தண்ணீர் ஊற்றி, துருவேறிய நட்டைச் சுரண்டி, புதுக் கம்பியை முறுக்கினார். பிறகு செருகியபோது பெட்டிக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். விளக்கு பச்சையானது.

மோட்டாருக்குத் தேவைப்படாத எர்த் காருக்கு ஏன் தேவைப்படுகிறது? மோட்டார் ஓடுவதற்கு ஃபேஸும் நியூட்ரலும் போதும். எர்த் இல்லையென்றாலும் அது சொல்லாது. நாமும் அப்படியே பல ஆண்டுகள் ஆபத்தோடு வாழ்ந்துவிடுகிறோம். கார் அப்படியில்லை. நான்கு ரப்பர் டயர்கள்மேல், மண்ணைத் தொடாமல் நிற்கும் பெரிய உலோகக் கூடு அது. உள்ளே எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் அந்தக் கூடு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். வெறுங்காலோடு தரையில் நிற்கும் ஒருவர் கதவைத் தொட்டால், மின்சாரம் மண்ணுக்கு இறங்க அவர் உடம்பே வழியாகிவிடும். எர்த் கம்பி சரியாக இருந்தால் கசிவு அதன் வழியே போய்விடும். அதனால்தான் பெட்டி முதலில் எர்த்தைச் சோதிக்கிறது. பிளக்கில் உள்ள ஒரு சிறு பின் வழியாகக் காரும் பெட்டியும் பேசிக்கொள்கின்றன. இவ்வளவு ஆம்பியர்தான் தரமுடியும் என்று பெட்டி சொல்லும். வாங்கத் தயார் என்று கார் சொல்லும். அதன் பிறகே பெட்டிக்குள் ரிலே மூடும். நாங்கள் கேட்ட ‘டக்’ அதுதான். மழையில் சார்ஜ் போடப் பயப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில்: முழுதாகப் பொருந்தும்வரை கார்ப் பக்கத்துப் பிளக்கில் மின்சாரம் வராது. ஆனால் சுவரில் உள்ள பாயின்ட் நனையாத இடத்தில் இருக்க வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். பேட்டரியின் அளவைக் கிலோவாட் மணி என்று சொல்வார்கள். மிரள வேண்டாம், அது மின்வாரியக் கார்டில் எழுதும் அதே யூனிட்தான். 2020இல் வந்த முதல் டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 யூனிட். 15 ஆம்பியர் பாயின்ட் மணிக்குச் சுமார் 3 யூனிட் தரும். காலியான பேட்டரி நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கேட்டதும் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். ஆனால் தினமும் காலி பேட்டரியோடு யார் வீடு திரும்புகிறார்கள்? ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், 40 கிலோமீட்டர் போய்வந்தவருக்கு இரண்டரை மணி நேரச் சார்ஜ் போதும். தூங்கும் நேரத்தில் அது முடிந்துவிடும்.

யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்து, சார்ஜ் ஆகும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஒன்றேகால், ஒன்றரை ரூபாய். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு ஆறு ரூபாய்க்கு மேல். தமிழ்நாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். உங்கள் பழைய பில்லோடு காரின் யூனிட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நெடுஞ்சாலையில் உள்ள வேகச் சார்ஜர் வேறு வகை. பேட்டரிக்குத் தேவை டிசி மின்சாரம். வீட்டில் வருவது ஏசி. அதை மாற்றும் கருவி காருக்குள் சிறியதாக இருப்பதாலும், வீட்டுப் பாயின்ட் தரும் மின்சாரமே குறைவு என்பதாலும் வீட்டில் மெதுவாக ஏறுகிறது. வேகச் சார்ஜரில் அந்தக் கருவி பீரோ அளவில் வெளியே நிற்கிறது; நேராக டிசியே பாயும். ஆனாலும் 80 சதவீதத்துக்குப் பிறகு அதுவும் தளர்ந்துவிடும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வருபவர்கள் கிடைத்த இலையில் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் வருபவர்கள் காலி இலையைத் தேடி அலைய வேண்டும். லித்தியம் அயனிகளும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் இப்படித்தான் இடம் தேடுகின்றன. அந்த நேரத்தில் அவசரப்படுத்தித் தள்ளினால், உள்ளே போக முடியாத லித்தியம் மேலேயே உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுக்கும். அதனால் காரே வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிடுகிறது. பயணத்தில் 80 வந்ததும் கழற்றிக்கொண்டு கிளம்புவதே நல்லது. பின்னால் காத்திருப்பவருக்கும் அது உதவி.

வீட்டில் எதுவரை ஏற்றுவது என்பது பேட்டரியின் ரசாயனத்தைப் பொறுத்தது. நம் நாட்டு மின்சாரக் கார்கள் பலவற்றில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதன் வோல்டேஜ் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், மீதி எவ்வளவு என்று காருக்கே குழப்பம் வரும். அவ்வப்போது நூறு சதவீதம் நிரப்பினால் கணக்கு நேராகும். நிக்கல் கலந்த பேட்டரிக்குத் தினமும் நூறு ஆகாது. காரோடு வரும் புத்தகத்தில் இது இருக்கும்.

இந்த இரும்பு பாஸ்பேட்டின் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். 1980களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து, சல்பேட் போன்ற தொகுதிகள் கொண்ட இரும்புச் சேர்மங்களை பேட்டரியின் நேர்மின்முனையாக்கலாம் என்று காட்டினார். அதே வழியில் குட்இனஃபின் ஆய்வகம் 1997இல் இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தது. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயதான அவருக்காக ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம்தான். பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய பெயர் இது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. தங்கள் வீட்டு இணைப்பிலிருந்தே காருக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று 2022 ஜனவரியில் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. சங்கத்தில் பேசும்போது இப்போது நடப்பில் உள்ள வழிகாட்டுதலைக் கையில் எடுத்துப் போங்கள்.

எக்ஸ்டென்ஷன் கார்டு மட்டும் வேண்டவே வேண்டாம். கீசர் பத்து நிமிடம் மின்சாரம் இழுக்கும். கார் சில நாட்களில் எட்டு மணி நேரம்கூட விடாமல் இழுக்கும். தளர்ந்த ஒரு பிளக் முனை அந்த எட்டு மணி நேரத்தில் உருகிவிடக்கூடும். மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்சிபி, கசிவு வந்தால் அணைக்கும் ஆர்சிசிபி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, காரின் விலையோடு பார்த்தால் மிகச் சிறியது.

ஷோரூமில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கொல்லையில் இருக்கும் எர்த் குழியின் மூடியைத் திறந்து காட்டுங்கள்.