கூண்டுக்கு முன்னாடி தராசு

காக்கட்டியல் வளர்க்க ஆசை, முதல்ல என்ன வாங்கணும்னு கேட்டா, நான் கூண்டுன்னு சொல்ல மாட்டேன். கிராம் கணக்கு காட்டுற டிஜிட்டல் தராசுன்னுதான் சொல்வேன். ஏன்னு சொல்றேன்.

ஆஸ்திரேலியாவோட வறண்ட நிலத்துல கூட்டமா வாழுற பறவை இது. அங்க சோர்ந்து தெரியுற பறவை மேலதான் வேட்டைப் பறவைகளோட கண்ணு விழும். அதனால உடம்பு சரியில்லன்னா காட்டிக்காது. நம்ம வீட்டுக்கு வந்தாலும் அதே குணம்தான். கூண்டுத் தரையில வந்து உட்கார்ந்துடுச்சுன்னா, பல சமயம் நோய் முத்தியிருக்கும்.

ஆனா எடையை அதால மறைக்க முடியாது. வளர்ந்த பறவை பெரும்பாலும் 80 முதல் 100 கிராம் இருக்கும். தினமும் காலையில, தீனி வைக்கிறதுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி வைங்க. நான் ஒரு தினைக் கதிரைக் காட்டுவேன், அதுவே தராசுல ஏறிடும்.

90 கிராம் இருந்தது 81-க்கு இறங்கினா, பத்துல ஒரு பங்கு போயிடுச்சுன்னு அர்த்தம். 60 கிலோ ஆளு 6 கிலோ இளைச்ச மாதிரி. அன்னைக்கே பறவைகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவர்கிட்ட போயிடணும். அப்படி ஒருத்தர் உங்க ஊர்ல எங்க இருக்கார்னு பறவை வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சு வைங்க.

நல்லா பார்த்துக்கிட்டா 15, 20 வருஷம்கூட வாழும். அத்தனை வருஷமும் காலையில அந்த ரெண்டு நிமிஷம் ஒதுக்க முடியும்னா, தாராளமா வாங்குங்க.