கறுப்புக் கவுனியும் கல்லீரலும்

"இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை கூடியிருக்கிறதே, எப்படி?" என்று விவசாயிகள் பலர் கேட்கிறார்கள். அந்தச் சர்க்கரை இட்லியிலிருந்து நேராக வந்ததல்ல, கல்லீரலிலிருந்து வந்தது.

குதிரில் நெல் சேர்ப்பதுபோல, உணவின் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. இரவில் அதைச் சிறிது சிறிதாக இரத்தத்தில் விடுகிறது. இருப்பு குறைந்தால் புரதத்தின் சிதைவுப் பொருள்களிலிருந்து புதிதாகவும் சர்க்கரை தயாரிக்கும். "போதும்" என்று மடையை அடைப்பது இன்சுலின். நீரிழிவு கண்டவர்களின் கல்லீரல் இந்தக் கட்டளைக்குச் சரிவரப் பணிவதில்லை. மெட்பார்மின் மாத்திரை முக்கியமாக வேலை செய்வதும் இந்த மடையில்தான்.

இனி நிறமிக்கு வருவோம். கறுப்புக் கவுனி அரிசி, கத்தரிக்காய்த் தோல், நாவல் பழம் ஆகியவற்றின் கருநீலத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். நீரிழிவு உள்ள எலிகளுக்கு இதைக் கொடுத்த ஆய்வுகளில், கல்லீரலில் சர்க்கரைத் தயாரிப்பு குறைந்தது. கொழுப்புப் படிவதும் குறைந்தது. மனிதரிடம் பலன் இவ்வளவு தெளிவாக இல்லை. உண்ணும் நிறமியில் மிகச் சிறு பகுதியே உருமாறாமல் இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே கவுனியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கவுனி பயிரிடுவோர் "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் அரிசி" என்று எழுதி விற்பதும் முறையல்ல. கவுனியும் அரிசிதானே! அதிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே. சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்த செட்டிநாட்டுக் கவுனி அரிசி விருந்துக்கு நல்லது, நீரிழிவுக்காரருக்கு அல்ல.

வெள்ளை அரிசிக்குப் பதிலாக, அளவோடு, தவிட்டுடன் உண்டால் நார்ச்சத்தும் நிறமியும் கிடைக்கும். இந்த நிறமி இருப்பது தவிட்டில். ஹல்லரில் இட்டு வெள்ளையாகத் தீட்டினால் அது மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். மாட்டுக்கு நீரிழிவு இல்லை. ரப்பர் உருளை ஷெல்லரில் உமியை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி விரைவில் சிக்கு வாடை அடிக்கும். நெல்லாகவே இருப்பு வைத்து, 15 நாள் தேவைக்கு மட்டும் அரைப்பது நலம்.

இந்நிறமி நீரில் கரையும். அரிசியை ஒருமுறை விரைவாகக் கழுவி, பிறகு ஊற வைத்த நீரிலேயே வேக வைக்கவும். சோடா உப்பு சேர்த்தால் நிறமி சிதையும். கஞ்சியை வடிக்க வேண்டாம்.

முதன்முதலாகக் கவுனி உண்ணும் நாளில், 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்து, அந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள்.