ஜாமீன் கிடைச்சாச்சு... கையெழுத்துப் போட ஆளில்லை!

ராஜபாளையம் பக்கத்துப் பெண் ஒருத்தி கைதானால், பெரிய வழக்கென்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். அவளை அடைப்பதோ, பெரும்பாலும், அங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி மதுரை பெண்கள் தனிச்சிறையில். மனு போட்டு அவளைப் பார்க்கப் போனால் ஒருநாள் கூலி போச்சு.

புருஷன் உள்ளே போனால் பெண்டாட்டி தாலியை அடகு வைத்தாவது வெளியே எடுப்பாள். அவளே உள்ளே போய்விட்டால்? சத்திரப்பட்டி பேண்டேஜ் தறியில் ஷிப்ட் பார்த்தவளின் கூலி அன்றே நின்றுவிடும். குழுக்கடன் தவணை நிற்காது. வாராவாரம் வாசலில் வந்து நிற்பார்கள். மூத்தது பெண்பிள்ளையானால் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டு உலை வைக்கப் போகும். ஆறு வயது வரை குழந்தை தாயோடு சிறையில் இருக்கலாம் என்றது 2006-ல் உச்ச நீதிமன்றம். ஏழாவது வயதில் பாட்டி வீடு, இல்லாவிட்டால் காப்பகம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஜாமீன் உத்தரவில் அடிக்கடி எட்டிப்பார்க்கும் ஒரு வரி: 'ஜாமீன்தாரர் இருவரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும்.' வழக்கே குடும்பச் சண்டை என்றால் எந்த ரத்தம் வரும்? கூடப்பிறந்தவன் 'எனக்கு அக்காவே கிடையாது' என்பான். அம்மாவிடம் ஆதார் இருக்கும். ஜாமீனுக்குக் கேட்கும் வீட்டுத் தீர்வை ரசீது மகன் பேரில் இருக்கும். ரத்த உறவு கேட்காமல் விட்டு, ஆள் ஓடிப்போனால் யார் பிடிப்பது என்று கேட்பார்கள். கேட்கட்டும். பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே ஓடுவாள்?

ஏழைக்கு எட்டாத ஜாமீன் எதற்கு என்று 1978-லேயே மோதிராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்டுவிட்டார். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டத்தில், சில வகை வழக்குகள் நீங்கலாக, ஜாமீனுக்குப் பணம் தரலாம். அந்தப் பணத்தில் ரத்த உறவை வாங்க முடியாது.

வழி இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்கலாம். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். 'ரத்த உறவு நிபந்தனையை நீக்குங்கள்' என்று மனுப் போடலாம். மாவட்ட ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. அங்கே பெண்ணுக்கு வக்கீல் பீஸ் கிடையாது. வருமான வரம்பும் கிடையாது.