சமாதானம் கைமாறும் நேரம்

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "இன்னைக்கு ஆராதனை எப்படி இருந்துச்சு?" என்று வராதவர்கள் கேட்பார்கள். கொயர் நன்றாகப் பாடியது, அய்யர் பிரசங்கத்தை நீட்டிவிட்டார், மைக் கரகரத்தது என்று பதில் வரும். கொயரில் பாடுகிறவள் நான். பாட்டு என்றால் எனக்கு உயிர். ஆனாலும் ஆராதனை மெய்யாக நடந்ததா என்று பார்க்க, திருவிருந்துக்கு முன் சமாதானம் கைமாறும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களைத்தான் கவனிப்பேன்.

1947-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் சபைகள் இணைந்து எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950-இல் அது தனக்கென ஒரு திருவிருந்து ஆராதனை முறையை வகுத்தபோது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த பழைய வழக்கம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. சமாதானம் கொடுக்கிறவர் தம் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்ப்பார். இருவரும் இடது கையால் மற்றவர் கையை மூடிக்கொள்வார்கள். குருவானவரிடம் தொடங்கி, பெஞ்சு பெஞ்சாக, கடைசி வரிசைக் கிழவி வரைக்கும் இது வந்து சேர வேண்டும்.

காணிக்கைக்கும் அப்பத்துக்கும் முன்னால் இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. மத்தேயு ஐந்தாம் அதிகாரம். உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தாலே நீ எழுந்து போக வேண்டும். கி.பி. 155 வாக்கில் ரோமில் எழுதிய ஜஸ்டின், ஜெபம் முடிந்ததும் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்திய பிறகே அப்பமும் ரசமும் கொண்டுவரப்பட்டதாகச் சொல்கிறார். அன்று சேர்ந்த காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனதாம்.

எங்கள் சபையில் இரண்டு ஓரகத்திகள். பாகப்பிரிவினையில் கிணற்றுப் பங்கு தகராறாகிப் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. சமாதானம் கைமாறி வரும்போது ஒருத்தி இருக்கும் பக்கம் மற்றவள் திரும்பமாட்டாள். ஒரு திருவிருந்து ஞாயிறன்று வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து போக, இளையவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். உடம்புக்கு முடியவில்லையோ என்று பிறகு கேட்டேன்.

"இல்லக்கா. மொதல்ல அவுக வீட்டுக்குப் போய்ட்டு வரணும். கையை நீட்டி வாங்குறதுக்கு மனசு ஒப்பல."

அன்று சாயங்காலமே போனாள். கிணற்று வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இப்போது ஒரே வாசலில் விளையாடுகிறார்கள். நான் கண்ட ஆராதனைகளிலே பெரியது எதுவென்றால், திருவிருந்து எடுக்காமல் அவள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

இரண்டு வீட்டுச் சண்டையோடு இது முடிகிற காரியமும் அல்ல. வடக்கன்குளம் திருக்குடும்பக் கத்தோலிக்க ஆலயம் 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு கிளையாகக் கட்டப்பட்டது. வேளாளப் பிள்ளைமார் ஒரு கிளையில், நாடார்கள் மறு கிளையில், நடுவே தடுப்பு. இரண்டும் கூடுமிடத்தில் ஒரே பீடம்! 1745-இல் இரத்தசாட்சி தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதற்காகவும் வெறுக்கப்பட்ட அவர், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1910-இல் சேசுசபைக் குரு கௌசானல் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டபோது, அதைத் திரும்பக் கேட்டு உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது, கேட்டவர்கள் தோற்றார்கள்.

கத்தோலிக்கர் கதைதானே என்று நாங்கள் கைகழுவ முடியாது. 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டே போனார்கள். பக்கத்தில் யார் உட்காருவது என்பதை விட்டுக்கொடுக்க முடியாதவர்கள் பாடிய பாட்டைக் கர்த்தர் கேட்டிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆமோஸ் தீர்க்கதரிசி ஐந்தாம் அதிகாரத்தில் சொல்வதும் இதுவே.

கொரோனா வந்த 2020-இல் உள்ளங்கை சேர்ப்பதை நிறுத்தினோம். அப்போது அது சரியானதே. இப்போதும் எங்கள் சபையில் நின்ற இடத்திலிருந்தே கும்பிட்டு முடித்துக்கொள்கிறோம். யாருக்குக் கும்பிடுகிறோம் என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை, அவ்வளவு வசதி. அடுத்த சபைக் கமிட்டிக் கூட்டத்தில் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கப்போகிறேன். நேரம் போதாது என்று சொன்னால், கொயர் பாடும் ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.