எல்ம் மரங்களைக் கொல்லும் பூஞ்சணமும் அதனைச் சுமக்கும் வண்டும்

தோப்பிலோ வேலியிலோ ஒரு மரம் பட்டுப்போனால், அது மரத்துக்குரியவர் ஒருவருடைய நஷ்டமே என்று எண்ணுவது வழக்கம். அவ்வெண்ணம் எவ்வளவு பிசகானது என்பதற்கு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்ம் என்னும் பெருமரங்களுக்கு நேர்ந்த கதி தக்க திருஷ்டாந்தமாகும்.

இவ்வியாதிக்கு டச்சு எல்ம் நோய் என்று பெயர். பெயர் நியாயமானதன்று. ஹாலந்து தேசத்தார் செய்ததெல்லாம் அதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டதே. 1922-ல் பியா ஷ்வார்ட்ஸ் என்னும் பெண்மணி, ஒருவகைப் பூஞ்சணமே மரத்தைக் கொல்லுகிறதென்று எழுதினார். சில ஆண்டுகளுக்குப் பின் கிறிஸ்டீன் பூய்ஸ்மன் என்னும் மற்றொரு பெண்மணி அதனை ஐயமற நிலைநாட்டினார்.

பூஞ்சணம் தானாகப் பறந்து செல்வதன்று; அதற்கு வாகனம் வேண்டும். அவ்வாகனம் நெல்மணியினும் சிறிய ஒரு பட்டை வண்டு. நலிந்த மரத்திலும், வெட்டிப் பட்டையுடன் போட்ட கட்டையிலுமே இவ்வண்டு முட்டையிடும். புழுக்கள் பட்டையின் அடியில் வழி குடைந்து வளர்கின்றன. மரம் நோயுற்றதாயின் அவ்வழிகளில் பூஞ்சணம் பசைபோன்ற வித்துக்களை உண்டாக்கும். புதிதாக வெளிப்படும் வண்டு அவ்வித்துக்களை உடலில் ஒட்டிக்கொண்டு, நல்ல மரத்தை நாடிச் சென்று இளங்கொப்புகளின் கவட்டையைக் கடித்துத் தின்னும். அக்காயத்தின் வழியே நஞ்சு உட்புகுகிறது. மரமோ பகைவனைத் தடுக்கும் பொருட்டுத் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதனால் நீர் ஏறாமல் உச்சிக்கொப்பின் இலைகள் பழுத்துச் சுருள்கின்றன. வண்டு கடித்ததனால் மட்டும் எந்த மரமும் சாவதில்லை. அருகருகே நிற்கும் மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று கூடியிருந்தால், வண்டின் உதவியுமின்றி நோய் மண்ணுக்குள்ளேயே பரவும்.

தூரதேசங்களுக்கு இதனைக் கொண்டு சென்றவர் மனிதரே. பட்டை நீக்காத கட்டைகளுடன் அது அமெரிக்கா சென்று, 1930-ல் ஒஹையோ மாகாணத்தில் காணப்பட்டது. 1960-க்குப் பிந்திய ஆண்டுகளில், முன்னதிலும் கொடிய இனமொன்று கானடாவிலிருந்து வந்த கட்டைகளின் மூலம் இங்கிலாந்தில் இறங்கிற்று. அதன்பின் பிரிட்டனில் மாண்ட எல்ம் மரங்கள் 2½ கோடிக்கு மேற்பட்டவை.

நோய் முற்றிய மரத்தைப் பிழைப்பிக்க மருந்தில்லை. அதனைக் காலதாமதமின்றி வெட்டி, பட்டையை உரித்து எரித்துவிட வேண்டும். வேர்த்தொடர்பை அகழி வெட்டி அறுக்க வேண்டும். பத்துப்பேர் இவ்வாறு செய்து, பதினோராமவர் விறகுக்காகும் என்று பட்டமரத்தை நிறுத்திவைப்பாராயின், பத்துப்பேர் உழைப்பும் வீணே. தவணை தவறிய ஓர் அங்கத்தினரால் சங்கம் முழுவதும் இடர்ப்படுவதை அறிந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரில் இன்றும் 17,000-க்கு மேற்பட்ட எல்ம் மரங்கள் நிற்கின்றன. ஒருபுறம் கடலும் மறுபுறம் குன்றுகளும் அரணாயிருப்பது மெய்யே. எனினும் நகரசபையார் ஆண்டுதோறும் மரங்களைப் பார்வையிட்டு, நோய் கண்டதை உடனே அகற்றி வந்திராவிடில் அவ்வரண் போதியிராது. அங்கும் 1,000 கண் விழித்திருந்தும், சுமார் 400 ஆண்டு வயதுடைய இரட்டை எல்ம் மரங்களுள் ஒன்றை 2019-ல் வெட்ட நேர்ந்தது. வெளியூர் எல்ம் விறகைக் கொண்டுவர வேண்டாமென்று நகரசபையார் குடிகளைக் கேட்டுக்கொள்கின்றனர்.