பனிச்சறுக்குப் பலகையின் விறைப்பும் பிடிப்பு மெழுகும்

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு என்பது சமதளமும் ஏற்ற இறக்கமும் கலந்த பனிப்பாதையில் வீரர் தம் உடல் வலுவாலேயே உந்திச் செல்லும் விளையாட்டு ஆகும். இதன் கிளாசிக் முறையில், பலகை ஒரு கணம் பனியைப் பற்ற வேண்டும். அடுத்த கணம் வழுக்கிச் செல்ல வேண்டும். இதற்குப் பலகையின் விறைப்பு வீரரின் எடைக்கும், மெழுகு பனியின் நிலைக்கும் பொருந்த வேண்டும்.

செயல்படும் விதம்

பலகையின் நடுப்பகுதி வில்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். சுமை ஏறினால் தாழ்ந்து, இறங்கினால் எழும் லாரியின் லீஃப் ஸ்பிரிங்கைப் போன்றது இது. 70 கிலோ எடையுள்ளவர் இரு கால்களிலும் சமமாக நின்றால் ஒவ்வொரு பலகையும் 35 கிலோ தாங்கும். அப்போது நடுப்பகுதி பனியில் அழுந்தாது. முன்பகுதியும் பின்பகுதியும் வழுக்கும். ஒரு காலால் உந்தும்போது முழு எடையும் ஒரே பலகையில் இறங்கி, நடுப்பகுதி பனியில் அழுந்தும். பிடிப்பு மெழுகு பூசப்படுவது இங்குதான். மற்றப் பகுதிகளுக்கு வழுக்கு மெழுகு பூசப்படுகிறது.

விறைப்பு பொருந்தாவிட்டால்

பலகை மிகவும் விறைப்பாக இருந்தால் மெழுகு பனியைச் சரியாகத் தொடாது. உந்தும் கால் பின்னோக்கி நழுவும். மிகவும் நெகிழ்வாக இருந்தால் மெழுகு எப்போதும் பனியில் உரசி, வேகத்தைக் குறைத்து, விரைவில் தேய்ந்துவிடும். எனவே உயரத்தை மட்டும் பார்த்துப் பலகை தேர்ந்தெடுப்பது போதாது. ஒரே உயரமுள்ள இருவரின் எடை வேறாக இருக்கலாம். முதுகுச் சுமையையும் கணக்கில் கொள்ள வேண்டும். முழு எடையையும் ஒரு காலுக்கு மாற்றப் பழகாத புதியவர்களுக்குச் சற்று நெகிழ்வான பலகை ஏற்றது.

தாள் சோதனை

1. சமமான, கடினமான தரையில் இரு பலகைகளையும் வைத்து, எடையைச் சமமாகப் பகிர்ந்து நிற்க வேண்டும். பாதத்தின் அடியில் பலகைக்கும் தரைக்கும் இடையே வைத்த தாள் முன்னும் பின்னும் எளிதாக நகர வேண்டும்.
2. பிறகு முழு எடையையும் அந்தப் பலகையில் ஏற்ற வேண்டும். இப்போது தாள் அசையக் கூடாது.

மெழுகுத் தேர்வு

புதிய குளிர்ந்த பனியின் படிகங்கள் கூர்மையானவை. அவை கடினமான மெழுகிலும் குத்திப் பிடிக்கும். வெப்பம் கூடினால் படிகங்கள் மழுங்கும். அப்போது மென்மையான மெழுகு தேவை. பொதுவாகக் கடுங்குளிருக்குப் பச்சை, மிதமான குளிருக்கு நீலம், 0 பாகை செல்சியசை ஒட்டி ஊதா, அதற்கு மேல் சிவப்பு என நிறங்களால் மெழுகுகள் வகைப்படுத்தப்படுகின்றன. உருகி மீண்டும் உறைந்த பனிக்கும் ஈரப்பனிக்கும் பசைபோன்ற கிளிஸ்டர் பயன்படுகிறது. மெழுகு தேவைக்கு மேல் மென்மையாக இருந்தால் பனி அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்; தேவைக்கு மேல் கடினமாக இருந்தால் பிடிக்காது.

மெழுகுக்குப் பதிலாக அங்கோரா ஆட்டு மயிர்ப் பட்டை பொருத்திய பலகைகளும் உள்ளன. அவற்றிலும் விறைப்பு எடைக்குப் பொருந்தியே ஆக வேண்டும்.

இந்தியாவில்

காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி ஆகியவை இந்தியாவின் முதன்மையான பனிச்சறுக்கு மையங்கள். குளிர்கால ஒலிம்பிக்கின் 15 கிலோமீட்டர் போட்டியில் தாஷி லுண்டுப் (வான்கூவர், 2010), நதீம் இக்பால் (சோச்சி, 2014), ஜெகதீஷ் சிங் (பியோங்சாங், 2018) ஆகியோர் பங்கேற்றனர். 2010, 2018 போட்டிகள் ஃப்ரீஸ்டைல் முறையில் நடந்தவை. அதில் பலகையைப் பக்கவாட்டில் தள்ளிச் செல்வதால் பிடிப்பு மெழுகு தேவையில்லை. சோச்சியில் நடந்தது கிளாசிக் போட்டி. எனவே இம்மூவரில் பிடிப்பையும் வழுக்கலையும் ஒரே பலகையில் சமன்செய்ய வேண்டியிருந்தவர் நதீம் இக்பால் மட்டுமே.